எல்லைக்கு அப்பால் வீசப்பட்ட சொற்கள்

அன்பில் ஒருநாளும் குறை வைக்காத என் தங்கை சின்னப்பொண்ணுக்கு,

கரியாலூருக்கு மேலே, மலையில் நம் ஊரில், உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாமை அறுப்பு முடிந்துவிட்டது. மரவள்ளிக் காட்டில் பன்றி புகுந்து ஒரு மூலையைக் கிளறிப் போட்டிருக்கிறது. கயல்விழி உடல்நலத்தோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நீ முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவதாக நீ கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். 'இன்னா கேக்கறா அண்ணா? இன்னா எடுத்துக் குடுக்கறா?' நீ பழக்கியது எதையும் அவள் எடுத்துக் கொடுப்பதில்லை, சின்னப்பொண்ணு. எடுத்துக் கொடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை. அது எப்படி நேர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. பிறரும் படிக்கட்டும் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். குரலை உயர்த்தாமல் எழுதுவேன். கோபம் தணிந்ததனால் அப்படி எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

உன்னைக் கொண்டுபோன காய்ச்சலைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. அது வேறு வழக்கு. உன் மகளைப் பற்றி மட்டும்.

கயலுக்குக் காது குத்திய நாள் உனக்கு நினைவிருக்குமா? தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும். என் மடியில்தான் இருந்தாள். இரண்டு காதிலும் ஊசி இறங்கியது. அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. பந்தலே கொண்டாடியது. உன் நாத்தனார் காளியம்மா என் தோளில் ஓங்கித் தட்டினாள்.

"பாத்தியா மாமா, எங்க வூட்டு ரத்தம். உன் தங்கச்சியாட்டம் தொட்டதுக்கெல்லாம் மூக்க சிந்தாது."

கொஞ்ச நேரம் கழித்துப் பம்பைக்காரர் பம்பையில் ஒரு தட்டுத் தட்டினார். கயல் காதைப் பொத்திக்கொண்டு அலறிய அலறலில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "எங்க போனாலும் என் பம்பைக்கு சாமி வரும், இங்க அழுவாச்சி வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிக்காதவள் நீ ஒருத்தி. அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய். "அண்ணா, காது குத்தும்போது அழுவாத புள்ளைய எங்கனா பாத்துக்கிறியா? கூப்டா திரும்ப மாட்டேங்குது. என் மூஞ்சியே அதுக்கு வேணாம். நீ படிச்சவன், இது இன்னான்னு சொல்லு."

நான் படித்தது பொதுநிதி. அரசு எப்படி வரி வாங்குகிறது, எப்படிச் செலவிடுகிறது என்று கள்ளக்குறிச்சியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். உன் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. ஆனால் பெண் குழந்தை சத்தம் காட்டாமல் ஒரு மூலையில் இருந்தால் 'அடக்கமான புள்ள' என்று மெச்சுகிற ஊரில், அந்த அடக்கத்தைப் பார்த்து அஞ்சிய ஒரே ஆள் நீ என்பது மட்டும் அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்கள். பேச்சு வரட்டும் என்று கோயிலில் மணி கட்டினார்கள். அங்கன்வாடிப் பணியாளர் தராசில் நிறுத்திப் பார்த்து, "வெயிட்டு கரெக்டா இருக்குதுக்கா, ஒரு கொறயும் இல்ல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எடை பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், பார்த்தார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை எங்கே அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுகிறேன். பதில் வருமென்று காத்திருந்தால் கடிதம் நகராது.

மலைக்குக் கீழே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான மையம் ஒன்று இருக்கிறது என்று விசாரித்து வந்து சொன்னவன் நான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டுக் குறை தீர்ந்தது என்பார்கள். ஒரே ஒரு அறை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி. ஒரு தொட்டி நிறைய பிளாஸ்டிக் பந்துகள். வாரத்தில் ஒருநாள் மட்டும் அங்கே வந்துபோகிற ரேவதி என்ற பேச்சுப் பயிற்சியாளர்; ஒப்பந்தப் பணி; மற்ற நாட்களில் மற்ற ஊர்கள். 'ஆட்டிசம்' என்ற சொல்லை நீ அங்கேதான் முதலில் கேட்டாய். அது நோயா என்று கேட்டாய். இல்லை, அவள் இருக்கும் விதமே அதுதான், ஆனால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார் அவர். அப்போது கயலுக்கு நான்கு வயது முடியும் தறுவாய்.

முதல்நாள் படம் போட்ட அட்டைகளை அவள் முன்னால் பரப்பினார்கள். ரயில். ஐஸ்கிரீம். குளிர்சாதனப் பெட்டி. 'ரயில் எங்கே, தொட்டுக் காட்டு' என்றார்கள். கயல் ஓர் அட்டையை எடுத்து அதன் மூலையைக் கடித்தாள்.

"எங்க ஊருக்கு பஸ்ஸே எப்பவோ ஒண்ணுதாம்மா வருது" என்றாய் நீ. "ரயிலுக்கு நாங்க எங்க போறது? பூசணிக்கா படம் இருந்தா காட்டு. அப்பறம் புள்ளைக்கு தெரியுதா தெரியலயான்னு மார்க்கு போடு."

ரேவதி சிரித்துவிட்டார். "எனக்கும் தெரியுதுக்கா. இந்த அட்டைங்க எங்கயோ செஞ்சது. நம்ம புள்ளைங்களுக்குன்னு யாரும் செய்யல."

'ஆட்டிசம் ஆய்வுக்கு நிதி' என்ற சொற்றொடரை எங்கே படித்தாலும் கடிபட்ட அந்த அட்டைதான் என் கண்முன் வருகிறது. மலையில் பிறந்த குழந்தை எந்த வயதில் எதைப் பார்த்து எதைக் காட்டும், நம் பேச்சில் முதலில் வரும் சொற்கள் எவை, வராதபோது எப்படி அறிவது என்று இங்கே வந்து உட்கார்ந்து யாராவது எழுதியிருக்கிறார்களா? நான் தேடினேன். நூலகத்தில் தேடத் தெரிந்தவன்தான் நான். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அட்டையைக் கடிக்கிறாள், ஆகவே பொருளையே வைத்துப் பழக்குங்கள் என்று ரேவதி உனக்கு வழி காட்டினார். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மூடி. வெளியே போக வேண்டுமென்றால் வேறொன்று. அந்தப் பொருளை எடுத்து அவள் உன் கையில் தர வேண்டும். தந்த கணமே கேட்டது கிடைக்க வேண்டும். பேச்சு வரும் வரை, வராமலே போனாலும்கூட, அதுதான் அவளுக்கு வாய். அன்று நானும் உடன் இருந்தேன். கடைசியாக அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வாரத்துல ஒருக்கா, அதுவும் கொஞ்ச நேரம்தான் நான் பாக்கறேன். மிச்சம் பூரா நீங்கதான்க்கா தெரபிஸ்ட்."

"அப்ப உன் சம்பளத்துல பாதி எனக்கு குடு."

"எனக்கே இன்னும் வரலக்கா. வந்தா தரேன்."

நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. 'ஆய்வு, பயிற்சி, ஆரம்பகாலச் சேவை' என்று மூன்று தலைப்புகளாக அரசின் ஆவணங்களில் பிரித்து எழுதுவார்கள். அவற்றைப் படித்துக் காட்டுவது என் தொழில். இந்த மலையில் அந்த மூன்று தலைப்புக்கும் சேர்த்து இருந்தது நீ ஒருத்தி. சாமைக் காட்டில் களையெடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் நீ ஆய்வாளராக இருந்தாய், மாணவியாக இருந்தாய், சேவை மையமாகவும் இருந்தாய். உனக்குக் காய்ச்சல் வந்தால் இத்தனையும் படுத்துவிடும் என்பதை எந்தத் திட்டக் குறிப்பும் எதிர்பார்த்து எழுதியிருக்கவில்லை.

நீலமும் வெள்ளையும் கலந்த அந்த ஒயர் கூடையை அம்மிக்குப் பக்கத்தில் கயலின் நெஞ்சு உயரத்தில் ஆணியடித்து மாட்டினாய். அதற்குள் என்னென்ன இருந்தது என்று எனக்கு முழுதும் தெரியாது. போனில் நீ சொன்னதுதான் தெரியும். தூக்குவாளி மூடி தண்ணீருக்கு. கசங்கிய பஸ் டிக்கெட்டுகளை நூலில் கட்டியது கீழே இறங்குவதற்கு. கம்பளி நுனி படுக்கைக்கு. உன் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துண்டு உனக்கு. வாரத்துக்கு ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போனது. நீ வாங்கி வைத்தது ஒன்றுகூட இல்லை. அவள் எதைத் தொட்டாளோ, எதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினாளோ, அதையே எடுத்துச் சொல்லாக்கினாய்.

ஒருநாள் நான் வகுப்புக்குள் நுழையும் நேரத்தில் போன் அடித்தாய். நீ ஏதோ சொல்ல வந்து மூச்சு முட்டி நின்றாய். நான் பயந்துவிட்டேன்.

"அண்ணா, ரெண்டு சேத்துக் குடுத்துட்டா. செவப்புத் துணியும் மூடியும். ஒண்ணா குடுத்தா அண்ணா. அம்மா, தண்ணி. இன்னான்னு புரியுதா உனக்கு? பேசிட்டா அண்ணா."

புரிந்தது. அன்று நான் பாடமே நடத்தவில்லை. வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். பிள்ளைகள் எனக்கு உடம்பு சரியில்லை என்று எண்ணியிருப்பார்கள்.

சில மாதங்களில் ரேவதியின் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. அவர் வேறு மாநிலத்தில் வேலை தேடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? 'பரவாயில்ல அண்ணா, எனக்குத்தான் தெரியுமே' என்றாய். உண்மைதான். உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்பதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகு நீ போய்விட்டாய்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். செத்தவர் புழங்கிய சாமானைக் காரியத்துக்கு முன்னால் எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம். காரியத்துக்குச் சாமான் வாங்க நான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தேன். உன் கணவர் பொன்னுசாமி உடம்பும் மனமும் இற்றுப்போய்ச் சுவரில் சாய்ந்து கிடந்தார். காளியம்மாதான் உன் பாய், தலையணை, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக் கட்டினாள். கூடையையும் எடுத்தாள்.

நான் திரும்பி வந்தபோது கயல் அந்த ஆணிக்குக் கீழே சுவரில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தாள். அழவில்லை. மோதிவிட்டு ஆணியைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி மோதுவாள். வீட்டில் இருந்த பெண்கள், அம்மாவைத் தேடுகிறது குழந்தை என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உன்னை எந்தப் பொருளைக் கொடுத்துக் கேட்பாளோ அந்தப் பொருளும் போய்விட்டது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

"கூடை எங்கே?" என்றேன்.

"எந்தக் கூட மாமா?" என்றாள் காளியம்மா. "அந்த ஒயர் கூடயா? ஓடைக்கு அந்தாண்ட போட்டாச்சே. டப்பா மூடி, கந்தத் துணி, கிழிஞ்ச டிக்கெட்டு. அதுல இன்னா இருக்குது?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இன்னா மாமா கண்டேன்? செத்தவ கூடய வெச்சிக்கினு இருந்தா புள்ளைக்குத்தான் ஆவாதுன்னு மொதல்ல அதத்தான மாமா எடுத்தேன்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ இடங்களில் திருப்பிச் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் 'மூடநம்பிக்கை' என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதிலை உனக்கும் சொல்கிறேன். காளியம்மா குழந்தையைக் காக்க நினைத்தாள். கையில் இருந்த அறிவைக் கொண்டு காத்தாள். வேறு அறிவை மலையேற்றிக் கொண்டுவந்து அவள் கையில் தர வேண்டிய பொறுப்பு யாருடையதோ அவர்கள் மலையேறவில்லை. அந்தக் கூடை என்னவென்று தெரிந்த இன்னொரு ஆள், அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பள்ளியிலோ, ஒரே ஒருவர் இந்த ஊரில் இருந்திருந்தால் அது ஆணியிலேயே தொங்கியிருக்கும்.

நானும் அவளும் ஓடைக்கு ஓடினோம். போட்டுவிட்டு வந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை, அவள் போனாள். மேலே மழை பெய்து ஓடையில் செந்தண்ணீர் புரண்டது. உன் பாய் ஒரு பாறையில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கூடை இல்லை. காளியம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினாள். நான்தான் பிடித்து இழுத்தேன். "உடு மாமா, புள்ள வாயப் புடுங்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

காரியம் முடிந்ததும் பொன்னுசாமி கேரளத்து வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் கயலைத் தூக்கிக்கொண்டு அந்த மையத்துக்குப் போனேன். ஒட்டகச்சிவிங்கி இருந்தது. பந்துகள் இருந்தன. மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா வரலீங்களா சார்?"

"அம்மா இறந்துவிட்டார்."

"ஐயோ. சரிங்க சார், அப்ப அப்பாவ வரச் சொல்லுங்க. பேரன்ட்ஸ் ட்ரெயினிங்னா பேரன்ட் யாராச்சும் ஒக்காரணும்."

"அப்பா கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் இருக்கிறார். நான் இவளுடைய தாய்மாமன். நான் உட்காருகிறேன்."

"மாமாவ பேரன்ட்டுன்னு எடுத்துக்க வழி இல்லீங்களே சார். கார்டியன்னு கோர்ட்ல வாங்கிக்கினு வந்தீங்கன்னா பாக்கலாம். எப்டியும் ரேவதி மேடம் போனதுக்கு அப்பறம் அந்தப் போஸ்டு காலிதான். ஆள் வந்தாலும் ஆறு வயசு வரைக்கும்தான் இங்க. பாப்பாவுக்கு ஆறு எப்பங்க சார்?"

காது குத்த என் மடி வேண்டும். அதில்லாமல் சடங்கே நடக்காது. இந்த நாட்டின் பயிற்சி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார அதே மடிக்குத் தகுதியில்லை. அந்த இளைஞரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் செய்யாத ஒன்றுக்கு அவரை ஏன் வதைக்க வேண்டும்? ஆறு வயது எப்போது என்பதற்கு மட்டும் பதில் சொன்னேன். வருகிற தைக்கு.

ரேவதியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். உன் செய்தியைச் சொன்னேன். கூடையில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். "நான் ஆரம்பிச்சி வெச்சது நாலஞ்சு பொருள்தான் சார். மிச்சமெல்லாம் அக்கா சேத்தது. அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பாஷை சார்" என்றார். பிறகு, "முதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும். நீங்க வெக்கறத விட அவ எத எடுக்கறான்னு பாருங்க" என்றார். அடுத்த குழந்தை காத்திருந்ததால் போனை வைக்க வேண்டியிருந்தது. அங்கேயும் காத்திருக்கிறார்கள்.

நகரத்திலிருந்து ஆய்வுக்குழு ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்களிடமும் போனேன். மலைப்பகுதிக் குழந்தைகள், வளர்ச்சிக் குறைபாடு, அப்படி ஒரு தலைப்பு. எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. யாரோ ஒருவர் கடைசியில் வந்தார்களே. கேள்விகளைத் தொடங்கினார்கள். தாயின் வயது, தாயின் படிப்பு, தாய் குழந்தையோடு ஒருநாளில் எவ்வளவு நேரம் பேசுகிறார். தாய் இல்லை என்றேன். அந்தப் பெண் கணினியை மூடிவிட்டு, வருத்தம் தெரிவித்து, இந்தக் குழந்தை எங்கள் ஆய்வு வரையறைக்குள் வராது என்றார். நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

என் கல்லூரியிலும் முயன்றேன். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்புத் தொடங்கலாம், இடமும் மின்விசிறியும் நம்மிடம் இருக்கின்றன என்றேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நல்ல ஐடியாதான் சார். ஆனா தேவை இருக்குதான்னு ஒரு சர்வே பண்ணணும். சர்வே பண்ண இதுல ட்ரெயினிங் ஆன ஆளு வேணும். அந்த ஆளுங்க கெடைச்சா சொல்லுங்க, சர்வே ஆரம்பிச்சிடலாம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை, சின்னப்பொண்ணு. முழு மனத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒதுக்கீடு என்பது ஒன்று, செலவு என்பது ஒன்று, அந்தச் செலவு ஒரு குழந்தையின் கைக்கு வந்து சேர்வது இன்னொன்று என்று இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தினேன். மூன்றாவதைப் பற்றி எந்த மாணவரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. தேர்வில் அது வராது.

நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். காளியம்மா அதே நிறத்தில் ஓர் ஒயர் கூடையைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். அதே ஆணியில் மாட்டினோம். தூக்குவாளியின் புது மூடி ஒன்றை அதில் போட்டோம். கயல் எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், எறிந்தாள். பழைய மூடியில் ஒரு பக்கம் நெளிந்திருக்கும் என்று காளியம்மாவுக்கு நினைவு வந்தது. புதியதைக் கல்லில் வைத்து நெளித்துக் கொடுத்தாள். அதையும் எறிந்தாள். டிக்கெட்டுகளைக் கட்டிப் போட்டேன். கம்பளி நுனியை வெட்டிப் போட்டேன். எல்லாம் வாசலுக்குப் போயின. உன் சேலை ஒன்றுகூட வீட்டில் இல்லை. கடையில் அந்தச் சிவப்பைக் கேட்டு நின்றேன். கடைக்காரர் எத்தனையோ சிவப்பை விரித்துக் காட்டினார்.

இப்போது அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யார் மணிக்கட்டையாவது பிடித்து இழுக்கிறாள். எதற்கென்று தெரியாமல் நாங்கள் பின்னால் போகிறோம். சில நேரம் பானையடியில் நிற்கிறாள். சில நேரம் வாசல் வரை இழுத்துவந்து, சாலையைப் பார்த்துவிட்டு, கையை விட்டுவிடுகிறாள். அப்போது அவள் கேட்டது எதை? சொல்லேன். உனக்குத் தெரியும்.

பொன்னுசாமி ஞாயிறுதோறும் பேசுகிறார். "மச்சான், புள்ள எப்டி இருக்குது? எதுனா கேக்குதா?" என்பார். "பரவாயில்லை" என்பேன்.

கடந்த வாரம் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

நாங்கள் வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ரேவதி சொன்னபடி கூடையை வெறுமையாக விட்டுவைத்திருந்தோம். கயல் வெளியே போய் ஒரு கடுக்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். காட்டில் காய்ந்து உதிர்ந்து கிடக்குமே, அதுதான். கூடைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் கையாலேயே அதை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள்.

நான் காளியம்மாவைக் கூவி அழைத்தேன். இரண்டு பேரும் அரக்கப்பரக்க ஓடினோம். தண்ணீர் கொடுத்தோம். தள்ளிவிட்டாள். களி கொடுத்தோம். கம்பளி. வெளியே தூக்கிக்கொண்டு போனோம். கடுக்காய் மரத்தடிக்கே கொண்டுபோய் நிறுத்தினோம். "இன்னா கண்ணு? இன்னா வேணும் சாமி? அத்தைக்கு ஒருக்கா காட்டு" என்று காளியம்மா கெஞ்சினாள். கயல் என் கையைப் பிரித்துக் கடுக்காயைப் பார்த்தாள். மறுபடி மூடினாள். காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், சின்னப்பொண்ணு. நேராகப் பார்த்தாள். பிறகு தரையில் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கேட்டாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழையில்லாமல் கேட்டாள். கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாளும் கொண்டுவந்து தந்தாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் நாங்கள் வேறொன்றைக் கொடுத்துப் பார்க்கிறோம். எதுவும் அது இல்லை. எவ்வளவு நாள் கேட்பாள்? பதில் கிடைக்காத குழந்தை எந்த நாளில் கேட்பதை நிறுத்தும்? இதற்கு ஆய்வு இருக்கலாம். இருந்தால் அது எங்கேயோ இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

அவளைப் பேச வைப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. மையத்தில் ஆள் போட வைப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். மனுக்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதுவேன், அவ்வளவுதான். என்னால் முடிந்தது ஒன்று. அந்தக் கடுக்காய் எதைக் கேட்கிறது என்று தெரியும் வரை, அவள் தரும்போதெல்லாம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வேன். தெரிந்த அன்றே அதைக் காளியம்மாவுக்கும், பொன்னுசாமிக்கும், அங்கன்வாடியில் இருப்பவருக்கும், பஸ் நடத்துநருக்கும் சொல்வேன். உன் மகளின் ஒரு சொல்கூட இனி ஒரே ஆளிடம் இருக்காது. நாளை நான் சாகும்போது என் பாயும் கண்ணாடியும் ஓடைக்கு அந்தப் பக்கம் போகட்டும்; எது போகக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் வருகிறாள். கை மூடியிருக்கிறது. பேனாவை வைக்கிறேன்.

உன் உடன்பிறந்தவன்,
கயல்விழிக்கு மடி கொடுத்த மாமன்.